வீட்டு ஆம்ப்ளிஃபயருக்கு ஒயர் வாங்கப் போகிறவர்களுக்கு

வடசென்னையின் திருவொற்றியூரில் கடலிலிருந்து மூன்றாவது தெருவில் குடியிருந்தபோது என் முதல் ஆம்ப்ளிஃபயரைக் கட்டினேன். எல்ஏ4440 ஐசி போட்ட சின்ன போர்டு, 12 வோல்ட் அடாப்டர், பழைய டிவியிலிருந்து கழற்றிய இரண்டு ஸ்பீக்கர்கள். ஒரு வருடம் ஒழுங்காகப் பாடியது. அடுத்த ஐப்பசி மழையில் இடது பக்கம் கரகரத்து, பிறகு ஊமையானது. ஐசிதான் போய்விட்டது என்று இரண்டு முறை மாற்றினேன். மூன்றாவது ஐசி வாங்கக் கிளம்பும்போதுதான் ஸ்பீக்கர் ஒயரின் முனையைத் தொட்டுப் பார்த்தேன். பச்சையும் வெள்ளையுமாகப் பொடி உதிர்ந்தது. கையில் வெறும் பிளாஸ்டிக் உறை நின்றது. பச்சை சரி, தாமிரத்தில் ஏறும் களிம்பு. வெள்ளை எங்கிருந்து வந்தது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

புதிதாக இந்த வேலையில் இறங்குகிறவர்கள் ஒயரைக் கடைசியில்தான் நினைக்கிறார்கள். போர்டு வாங்கி, ஸ்பீக்கர் வாங்கி, மிச்சமிருக்கும் சில்லறைக்கு “ஏதாவது ஒயர் கொடுங்கள்” என்கிறார்கள். இன்னொரு வகையினர் இணையத்தில் படித்துவிட்டு, ஆக்சிஜன் நீக்கிய தாமிரம், வெள்ளிப் பூச்சு என்று மீட்டருக்கு ஆயிரக்கணக்கில் கொட்டத் தயாராக வருகிறார்கள். இரு சாராரும் 230 வோல்ட் வருகிற ஒயரைப் பற்றி மட்டும் கேட்பதில்லை. பணத்தை எங்கே செலவழித்தாலும், பயத்தை அங்கே வையுங்கள்.

முதலில் ஒரு காகிதம்

கடைக்குப் போகும் முன் ஆம்ப்ளிஃபயர் பெட்டியின் படத்தைக் காகிதத்தில் வரையுங்கள். அழகாக இருக்க வேண்டியதில்லை. சுவரிலிருந்து பெட்டிக்கு வரும் ஒயர், பெட்டிக்குள் டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து போர்டுக்குப் போகும் ஒயர், போன் அல்லது டிவியிலிருந்து பாட்டைக் கொண்டுவரும் ஒயர், ஸ்பீக்கருக்குப் போகும் ஒயர் என்று நான்கு வேலைகள் இருக்கும். ஒவ்வொரு கோட்டின் மேலும் எத்தனை மீட்டர், எத்தனை வோல்ட் என்று எழுதுங்கள். ஒன்றின் வேலையை இன்னொன்றுக்குக் கொடுப்பதில்தான் தவறெல்லாம் தொடங்குகிறது. சிவப்பும் கறுப்பும் ஒட்டிய, கண்ணாடி போன்ற ஸ்பீக்கர் ஒயரை பிளக்கில் மாட்டி 230 வோல்ட்டுக்கு ஓட்டும் பழக்கம் நம் பகுதியில் சகஜம். அந்த உறை அதற்கானதல்ல.

கடைக்காரர் சொல்லும் எண்கள்

14/36, 23/36, 40/36 என்று சுருளில் எழுதியிருக்கும். முதல் எண் எத்தனை இழைகள் என்பது. இரண்டாவது எண் ஓர் இழையின் தடிமன், பழைய எஸ்டபிள்யூஜி (பிரிட்டிஷ் கேஜ்) கணக்கில். 36 என்றால் 0.0076 அங்குலம், ஏறக்குறைய 0.19 மில்லிமீட்டர். சில கடைகளில் இதையே 14/76, 23/76 என்பார்கள். அங்குலக் கணக்கின் கடைசி இரண்டு இலக்கங்கள் அவை, ஒயர் ஒன்றுதான். சதுர மில்லிமீட்டரில் சொன்னால் 14/36 ஏறக்குறைய 0.4, 23/36 ஏறக்குறைய 0.7, 40/36 ஏறக்குறைய 1.2. வீட்டு ஒயரிங்குக்கு வாங்கும் ஒயரை நேராகவே “ஒன்றரை ஸ்கொயர்”, “இரண்டரை ஸ்கொயர்” என்று கேட்கலாம்.

இங்கே ஒரு குழி இருக்கிறது. வெளிநாட்டுக் குறிப்புகளில் 18 கேஜ் என்று வருவது ஏடபிள்யூஜி (அமெரிக்க கேஜ்), 0.82 சதுர மில்லிமீட்டர்தான். நம் கடைக்காரர் 18 கேஜ் என்றால் எஸ்டபிள்யூஜியை நினைப்பார், அது 1.17. ஸ்பீக்கருக்கு அவர் தருவது தடிமனாக இருந்தால் நல்லதே. ஆனால் சுற்றுவதற்கு எனாமல் கம்பி வாங்கும்போது இந்தக் குழப்பம் காயிலின் கணக்கையே மாற்றிவிடும். எனவே கேஜை விட்டுவிட்டு மில்லிமீட்டரில் பேசுங்கள்.

எங்கே வாங்குவது? பவர் கார்டும் வீட்டு ஒயரும் தண்டையார்பேட்டையோ மூலக்கடையோ, உங்கள் தெருமுனை எலெக்ட்ரிக்கல் கடையே போதும். ஷீல்டு ஒயர், ஆர்சிஏ பின் (பாட்டு ஒயரின் முனையில் போடுவது), ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் (சூட்டில் சுருங்கி இறுகும் குழாய்) போன்றவற்றுக்கு எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருதான். 2021இல் விம்கோ நகர் வரை மெட்ரோ வந்த பிறகு ஒரே வண்டியில் அரசினர் தோட்டம் நிலையத்தில் இறங்கி நடந்துவிடலாம்.

ஸ்பீக்கர் ஒயர்: ஒரு கணக்கு போதும்

ஒரு சதுர மில்லிமீட்டர் தாமிர ஒயரின் மின்தடை மீட்டருக்கு ஏறக்குறைய 0.018 ஓம். போக ஒன்று, வர ஒன்று என்று ஒயர் இரண்டு என்பதால் நீளத்தை இரட்டித்துக்கொள்ளுங்கள். வரும் மொத்தத் தடை ஸ்பீக்கரின் ஓமில் 20இல் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது; பலரும் வைத்திருக்கும் அளவுகோல் இது. 8 ஓம் ஸ்பீக்கருக்கு 0.4, 4 ஓமுக்கு 0.2.

ஐந்து மீட்டர் தள்ளி 8 ஓம் ஸ்பீக்கர் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒயர் மொத்தம் பத்து மீட்டர். 14/36 போட்டால் 0.45 ஓம், வரம்பைக் கொஞ்சம் தாண்டுகிறது. 23/36 போட்டால் 0.27, தாராளம். அதே தூரத்தில் 4 ஓம் ஸ்பீக்கர் என்றால் 40/36 வேண்டும், 0.15தான் வரும். பத்து மீட்டரில் 4 ஓம் என்றால் ஒன்றரை ஸ்கொயர் கூடப் போதாது, இரண்டரைக்குப் போக வேண்டும். நம் வீடுகளில் பத்து மீட்டர் எங்கே இருக்கிறது என்று சிரிப்பீர்கள். சுவரோரமாக வாசற்படியைச் சுற்றி இழுத்துப் பாருங்கள், தெரியும்.

வரம்பைத் தாண்டினால் ஒன்றும் வெடிக்காது. சத்தம் சற்றுக் குறையும், பேஸ் தளர்ந்து கேட்கும். ஒயர் தடித்தால் அது சரியாகும். வரம்புக்குள் வந்தபின் இன்னும் விலை உயர்ந்த ஒயருக்குப் போவதால் என் காதுக்கு எந்த மாற்றமும் கேட்டதில்லை. நான் இப்போது பயன்படுத்துவது சாதாரண ஒன்றரை ஸ்கொயர் வீட்டு ஒயர், சிவப்பு ஒன்று, கறுப்பு ஒன்று. ஒரு முனையைக் கதவுத் தாழ்ப்பாளில் கட்டி, மறுமுனையை டிரில்லில் பிடித்து மெல்ல முறுக்கினால் பின்னல் போல அமைந்துவிடும். பார்ப்பவர்கள் வெளிநாட்டு ஒயரா என்று கேட்கிறார்கள்.

இந்தக் கணக்கைச் சொன்னால் உடனே ஒரு கேள்வி வரும். ஆடி மாதம் கூழ் ஊற்றும்போது மைக் செட்காரர் தெரு முழுக்க நூல் போன்ற ஒயரைத்தானே இழுக்கிறார், குழாய் ஸ்பீக்கர் கடைசி வீடு வரை அலறுகிறதே? என் மாமா ஒருவர் அந்தத் தொழிலில் இருந்தவர். அவரிடம்தான் பதிலைக் கற்றேன். அந்த ஆம்ப்ளிஃபயர் 100 வோல்ட் லைனில் வேலை செய்கிறது. 100 வாட் அனுப்ப அதற்கு ஓர் ஆம்பியர் போதும். ஒவ்வொரு குழாயிலும் ஒரு சின்ன டிரான்ஸ்ஃபார்மர் அதை மறுபடி இறக்கிக்கொள்ளும். உங்கள் 4 ஓம் ஸ்பீக்கருக்கு அதே 100 வாட் போக ஐந்து ஆம்பியர் ஓட வேண்டும். ஒயரில் வீணாவது ஆம்பியரின் வர்க்கப்படி ஏறுவதால், அதே ஒயரில் 25 மடங்கு வீண். கூடவே இன்னொன்றையும் மாமா சொல்வார்: பாட்டு ஓடும்போது அந்த மெல்லிய ஒயரைத் தொட்டால் நன்றாகவே ஷாக் அடிக்கும்.

அந்த வெள்ளைப் பொடி

மலிவு ஸ்பீக்கர் ஒயரில் பெரும்பகுதி அலுமினியத்தின் மேல் தாமிரம் பூசியது. கடையில் அதையும் தாமிரம் என்றே சொல்லித் தருவார்கள். மின்தடை அசல் தாமிரத்தைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. அதைக்கூட தடித்த ஒயர் போட்டுச் சமாளிக்கலாம். கடற்கரையோரத்தில் சமாளிக்க முடியாதது அரிப்பு. வெட்டிய முனையில் தாமிரமும் அலுமினியமும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்கின்றன. அதன் மேல் காசிமேட்டுக் காற்றின் உப்பும் ஈரமும் படிந்தால் அது ஒரு குட்டி பேட்டரி ஆகிவிடும். அலுமினியம் கரைந்து வெள்ளைப் பொடியாகும். என் இடது ஸ்பீக்கரைக் கொன்றது அதுதான்.

கண்டுபிடிக்க ஒரு பிளேடு போதும். ஓர் இழையை எடுத்து மேலே சுரண்டுங்கள். வெளியே சிவப்பு, உள்ளே வெள்ளை என்றால் பூசிய அலுமினியம். வெளியே வெள்ளை, உள்ளே சிவப்பு என்றால் வெள்ளீயம் பூசிய அசல் தாமிரம். கடலோரத்துக்கு அதைவிட நல்லது கிடையாது. பலர் இதை மாற்றிப் புரிந்துகொண்டு நல்ல ஒயரைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். சுருளைக் கையில் தூக்கிப் பார்த்தாலும் தெரியும், அலுமினியத்தைவிடத் தாமிரம் மூன்று மடங்குக்கு மேல் கனம். லைட்டரால் எரித்துப் பார்க்கும் சோதனை வேண்டாம். பிவிசி புகையை முகத்தில் வாங்குவதைத் தவிர பிளேடு சொல்லாத எதையும் அது சொல்லாது.

நல்ல தாமிரமாக இருந்தாலும் நம் பகுதியில் முனையைத் திறந்து விடாதீர்கள். லக் (ஒயர் முனையில் மாட்டும் உலோகக் காது) போட்டு இறுக்கி, அதன் மேல் ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் மாட்டிச் சூடு காட்டுங்கள். கறுப்பு இன்சுலேஷன் டேப் சித்திரை வெயிலில் பசை இளகி நழுவிவிடும். திருகு வைத்து இறுக்கும் இடத்தில் இழைகளுக்கு ஈயம் ஏற்றவும் வேண்டாம். ஈயம் அழுத்தத்தில் மெல்ல நசுங்கிக்கொடுக்கும், திருகு சில மாதங்களில் தளரும்.

பாட்டைக் கொண்டுவரும் ஒயர்

இது மில்லிவோல்ட் கணக்கில் ஓடுவதால் தடிமன் தேவையில்லை, கவசம்தான் தேவை. ஷீல்டு ஒயர் என்று கேளுங்கள். நடுவில் ஒரு கம்பி, சுற்றிலும் பின்னல் இருக்கும். பின்னல் நெருக்கமாக இருப்பதை வாங்குங்கள். பெட்டிக்குள் இதை டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து தள்ளி ஓட்டுங்கள். பவர் ஒயரைக் கடந்தே ஆக வேண்டுமென்றால் சிலுவை போல குறுக்காகக் கடக்கட்டும். அருகருகே ஓடினால் ‘உம்ம்’ என்று 50 ஹெர்ட்ஸ் முனகல் கேட்கும். டிரான்ஸ்ஃபார்மரின் வெளியீட்டு ஒயர்களையும் ஒன்றோடொன்று முறுக்கிவிட்டால் பாதி முனகல் போய்விடும். கிரவுண்டு ஒயர்கள் அனைத்தையும் ஒரே புள்ளியில் கொண்டுவந்து சேருங்கள், சங்கிலி போல ஒன்றிலிருந்து ஒன்றுக்கு இழுக்காதீர்கள்.

230 வோல்ட் பக்கம்

இதற்கு முன் சொன்னவற்றில் தவறினால் பாட்டுதான் கெடும். இங்கே தவறினால் உயிர். 24 வோல்ட் அடாப்டரில் ஓடும் டிபிஏ3116 போன்ற போர்டு கிடைக்கும் காலத்தில், முதல் பெட்டிக்கு டிரான்ஸ்ஃபார்மர் வேண்டாம் என்பதே என் ஆலோசனை. பிஐஎஸ் பதிவு எண் அச்சிட்ட அடாப்டர் வாங்கி, 230 வோல்ட்டை அந்த அடாப்டருக்குள்ளேயே அடைத்துவிடுங்கள். இரண்டாவது, மூன்றாவது பெட்டியில் டிரான்ஸ்ஃபார்மருக்கு வருகிறவர்கள் மேற்கொண்டு படிக்கலாம்.

பவர் கார்டு மூன்று கோர் இருக்கட்டும், பிளக்கோடு வார்த்ததாக வாங்குங்கள். 0.75 ஸ்கொயர் போதும். 100 விஏ டிரான்ஸ்ஃபார்மர் 230 வோல்ட்டில் அரை ஆம்பியர்கூட இழுக்காது. உறையில் ஐஎஸ் 694 என்றும் ஐஎஸ்ஐ முத்திரையும் அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். நிறம் இரண்டு முறையில் வரும்: சிவப்பு ஃபேஸ், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த் என்பது பழையது, பழுப்பு, நீலம், பச்சையில் மஞ்சள் கோடு என்பது புதியது. நிறத்தை நம்பி இணைக்காமல், பிளக்கின் ஊசிக்கும் ஒயர் முனைக்கும் மல்டிமீட்டர் வைத்து ஒவ்வொன்றையும் உறுதிசெய்யுங்கள்.

கார்டு பெட்டிக்குள் நுழையும் துளையில் ரப்பர் கிராமெட் (வளையம்) போடுங்கள். தகரத்தின் விளிம்பு உறையை மெல்ல அறுக்கும். உள்ளே ஒரு கிளாம்ப் கார்டைப் பிடித்திருக்க வேண்டும். ஃபேஸ் முதலில் ஃபியூஸுக்கு, பிறகு ஸ்விட்சுக்கு, பிறகு டிரான்ஸ்ஃபார்மருக்கு. எர்த் ஒயரை லக் போட்டு, பெயின்டைச் சுரண்டிய இடத்தில், அதற்கென்றே ஒரு போல்ட்டில் இறுக்குங்கள். அந்த ஒயரை மட்டும் மற்ற இரண்டைவிட நீளமாக விடுங்கள். யாராவது கார்டில் கால் தடுக்கி இழுத்துவிட்டால், கடைசியாக அறுவது எர்த்தாக இருக்கட்டும்.

பெட்டிக்குள் இவ்வளவு செய்தும் சுவரில் எர்த் இல்லையென்றால் பயனில்லை. பழைய வண்ணாரப்பேட்டைப் பக்கம் பல ஒண்டுக்குடித்தன வீடுகளில் மூன்று துளை சாக்கெட் இருக்கும். மேலே உள்ள பெரிய துளைக்குப் பின்னால் ஒயரே இருக்காது. அதைவிட மோசம், சாக்கெட்டுக்குள் நியூட்ரலையும் எர்த்தையும் துண்டு ஒயரால் சேர்த்து வைத்திருப்பது. எங்காவது நியூட்ரல் அறுந்தால் உங்கள் தகரப் பெட்டி முழுவதும் 230 வோல்ட் ஏறி நிற்கும். உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியனை ஒரு முறை அழைத்து எர்த்தைச் சோதிக்கச் சொல்லுங்கள். 30 மில்லிஆம்பியர் இஎல்சிபியும் (மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி) போட்டுவிடச் சொல்லுங்கள். வீட்டுக்காரர் முகம் சுளிப்பார். பரவாயில்லை.

டிரான்ஸ்ஃபார்மரில் எது 230 பக்கம் என்பதையும் ஒயரின் நிறத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். தயாரிப்பவருக்குத் தயாரிப்பவர் நிறம் மாறும். சின்ன டிரான்ஸ்ஃபார்மர்களில் ஓம் பார்த்தால் 230 பக்கம் பல பத்து ஓம் காட்டும், வெளியீட்டுப் பக்கம் ஓரிரு ஓம்தான். மாற்றி மாட்டினால் அந்தக் கணமே புகையும்.

உரிப்பதும் பற்றவைப்பதும்

பல்லால் உரிக்காதீர்கள். நானும் உரித்தவன்தான், ஒரு முன்பல்லின் ஓரம் போனபின் ஸ்ட்ரிப்பர் வாங்கினேன். பிளேடால் உரிக்கும்போது இழைகளில் வெட்டு விழும். நாலைந்து இழை போனால் 14/36 பத்து இழை ஒயராகிவிடும். 60/40 ஈயக்கம்பி 190 டிகிரியை ஒட்டி உருகும். ரோசின் (பிசின்) உள்ளே உள்ளதையே வாங்குங்கள். பாத்திரம், குழாய் பற்றவைக்கும் அமில ஃப்ளக்ஸ் தாமிரத்தை அரிக்கும். ஜன்னலோரம் உட்காருங்கள். அந்தக் கம்பியில் நூற்றுக்கு நாற்பது பங்கு காரீயம், குழந்தைகளுக்கு அது நஞ்சு. செகண்ட் லைன் பீச்சிலிருந்து சுடச்சுட அத்தோ (பர்மா நூடுல்ஸ்) வாங்கி வந்து வைத்திருந்தாலும் கையைச் சோப்பு போட்டுக் கழுவிவிட்டே தொடுங்கள்.

முதல் முறை மின்சாரம் கொடுப்பது

நேராக பிளக்கில் மாட்டாதீர்கள். ரிப்பேர் கடைகளில் சீரிஸ் போர்டு என்று ஒன்று வைத்திருப்பார்கள்: ஃபேஸ் ஒயரில் ஒரு 60 வாட் அல்லது 100 வாட் குண்டு பல்பு தொடராக இருக்கும். எல்இடி பல்பு இதற்கு உதவாது. உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு முழுப் பிரகாசத்தில் எரியும், உங்கள் டிரான்ஸ்ஃபார்மர் தப்பிக்கும். எல்லாம் சரி என்றால் கெபாசிட்டர் நிரம்பும்வரை ஒரு கணம் பளிச்சிட்டு மங்கிவிடும். சீரிஸ் போர்டை நீங்களே கட்டாமல், முதல் முறை தெரிந்த ரிப்பேர் கடையிலேயே கொண்டுபோய்ப் போட்டுப் பாருங்கள், டீக்காசுதான் ஆகும்.

24-0-24 டிரான்ஸ்ஃபார்மர் என்றால் 24 வோல்ட்தானே என்று விரலை வைக்காதீர்கள். ஏசியை டிசியாகத் திருத்தி வடிகட்டியபின் ஒவ்வொரு பக்கமும் ஏறக்குறைய 34 வோல்ட், இரு முனைகளுக்கும் இடையே 68. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் 4700 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் அதைப் பிடித்து வைத்திருக்கும். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்து பொறி பறக்கவிடுவதைப் பெருமையாகச் செய்வார்கள், நீங்கள் வேண்டாம். 1 கிலோஓம், 5 வாட் ரெசிஸ்டரை இன்சுலேஷன் உள்ள கிளிப்பால் அரை நிமிடம் பிடித்துவிட்டு மீட்டரில் பாருங்கள். ஸ்விட்சை அணைத்ததை நம்ப வேண்டாம், பிளக் வெளியே வரட்டும். பழைய வீடுகளில் ஸ்விட்ச் நியூட்ரலில் போட்டிருப்பதை இரண்டு முறை பார்த்திருக்கிறேன். மழையில் தரைத்தளத்தில் தண்ணீர் ஏறிய வீடு என்றால், நனைந்த ஒயரைக் காயவைத்து மறுபடி மாட்டாதீர்கள். இழைகளுக்கு நடுவே தண்ணீர் திரியில் எண்ணெய் ஏறுவது போல ஏறி உறைக்குள் வெகுதூரம் போயிருக்கும்.

கடைசியாக ஸ்பீக்கரின் பிளஸ் எது என்று தெரியவில்லையென்றால் ஒன்றரை வோல்ட் பேட்டரியை ஒரு கணம் தொட்டுவிடுங்கள். ஸ்பீக்கரின் கோன் (முன்னாலுள்ள கூம்பு) வெளியே துள்ளினால் பேட்டரியின் பிளஸ் தொட்டதுதான் ஸ்பீக்கரின் பிளஸ். இரண்டு ஸ்பீக்கரும் ஒரே திசையில் துள்ள வேண்டும். மாறியிருந்தால் பேஸ் பாதி காணாமல் போகும்.

வெட்டிய துண்டுகள் ஒரு பை சேர்ந்துவிடும். உறையை எரித்துத் தாமிரம் எடுத்துக் கொடுத்தால் காயலான் கடையில் கிலோவுக்குக் கூடுதல் தருவார்கள் என்று பக்கத்து வீட்டுப் பையன்கள் ஆசை காட்டுவார்கள். பிவிசி எரிந்தால் வருவது அமிலப் புகையும் டையாக்சினும். உறையோடு அப்படியே கொடுத்து, வருகிறதை வாங்கிக்கொள்ளுங்கள்.